கட்டெறும்பு ஓட்டிய லோரி

லீலாவதி பஸ்ஸில் வாயைத் திறக்க மாட்டாள். பத்தாங் பெர்ஜுந்தாய் டவுனுக்குப் போக ஏறினால், சரியான சில்லறையைக் கண்டக்டரிடம் நீட்டிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வாள். அவர் ஏதாவது கேட்டால் தலையாட்டல்தான் பதில். பாவம், ஊமை போலிருக்கிறது என்று பக்கத்து இருக்கையில் உச்சுக்கொட்டியவர்களும் உண்டு. அந்த உச்சுக்கொட்டலை அவள் சந்தோஷமாகவே வாங்கிக்கொண்டாள். வாயைத் திறந்தால் கிடைக்கிற பார்வைக்கு அது எவ்வளவோ மேல்.

அப்படி ஒரு குரல். ஓட்டைத் தகரத்தைச் சிமெண்டுத் தரையில் இழுத்தால் வருமே, அந்த ஜாதி. பிறந்தபோதே அப்படித்தான் அழுதாளாம். நாலாம் வகுப்பில் பேச்சுப் போட்டிக்கு எல்லாரையும்விட நன்றாகத் தயார் செய்தவள் அவள்தான். மேடைப் படியில் கால் வைக்கிற நேரத்தில் வாத்தியார் தோளைப் பிடித்து நிறுத்தி, அவள் எழுதிய தாளை வாங்கிக் கூடப் படித்த ரமணியிடம் கொடுத்துவிட்டார். ரமணி கிளிமாதிரி பேசினாள், பரிசும் வாங்கினாள். எழுத ஒருத்தி, பேச ஒருத்தி என்று அன்றைக்கு லீலாவதியின் தலையில் எழுதியாகிவிட்டது. எழுதியவன் பிரம்மன் என்றாலாவது போகட்டும் என்று விடலாம். எழுதியது ஒரு வாத்தியார்.

ஆனால் மேரிவேல் தோட்டத்துப் பாலர் பள்ளியில் இருந்த பதினெட்டுப் பிள்ளைகளுக்கு இந்தச் சங்கதி எதுவும் தெரியாது. தாய்மார்கள் விடியற்காலையில் பெரட்டு என்கிற ஆள்கணக்குக்குப் போய்ப் பெயர் கொடுத்துவிட்டு, ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போய்விடுவார்கள். அரைத்தூக்கத்தில் கொண்டுவந்து விடப்பட்ட பிள்ளைகள் ஒன்று அழ ஆரம்பித்தால் பதினெட்டும் அழும். லீலாவதி டீச்சர் தொண்டையைச் செருமுவாள். உடனே அத்தனையும் கப்சிப். முடிவெட்டப் பயந்து மரத்தைவிட்டு இறங்க மறுத்த சடைமுடி ரம்புத்தான் பழம், ரவாங் தொழிற்சாலையில் ராத்திரி ஷிப்டுக்குச் சேர்ந்துவிட்ட நிலா, இப்படி நாளுக்கு ஒன்றாக அவள் வாயிலிருந்து கிளம்பும். கதை என்றால் கரகரவென்றுதான் இருக்கும் என்று அந்தப் பிள்ளைகள் நினைத்துக்கொண்டிருந்தன. ஊர் முழுக்க அப்படி நினைத்திருந்தால் இந்தக் கதைக்கு வேலையே இல்லை.

எண்பத்தாறாம் வருஷம் தீபாவளிக்கு மூன்று மாதம் இருக்கும்போது, பத்தாங் பெர்ஜுந்தாயில் கேசட் கடை வைத்திருந்த சேது ஒரு செய்தி சொன்னார். கோலாலம்பூரில் முத்துமணி ஒலிநாடா என்று ஒரு கம்பெனி பிள்ளைகளுக்குக் கதைக் கேசட் போடப்போகிறதாம். நல்ல கதை இருந்தால் அனுப்பலாமாம். லீலாவதி நாலு ராத்திரி உட்கார்ந்து, பிள்ளைகள் திரும்பத் திரும்பக் கேட்கிற கதையை நோட்டில் எழுதிச் சேதுவிடம் கொடுத்தனுப்பினாள்.

அது கனகசபை என்ற லோரியின் கதை. எண்ணெய் எடுக்கிற செம்பனைக் குலை ஏற்றுகிற பெரிய லோரி. ராத்திரியெல்லாம் மழையில் நின்றதால் அதற்கு ஜலதோஷம் பிடித்துக்கொள்கிறது. ஒவ்வொரு தும்மலுக்கும் அது ஒரு சுற்று சிறுத்துப்போகிறது. லோரி காராகி, கார் சைக்கிளாகி, சைக்கிள் செருப்பாகி, கடைசியில் தீப்பெட்டிக்குள் அடங்கிவிடுகிறது. கழுதை தேய்ந்து கட்டெறும்பு ஆனது என்பார்கள். இங்கே லோரி தேய, ஒரு கட்டெறும்பு வந்து டிரைவர் சீட்டில் ஏறிக்கொண்டு, ஒரே ஒரு சீனிமணியைப் பாரம் ஏற்றிப் புறப்படுகிறது. முடிவில் இஞ்சிக் கஷாயம் குடித்து லோரி குணமாகும்.

கம்பெனிக்குக் கதை பிடித்துவிட்டது. தீபாவளிக்கே கேசட் வரும், அட்டையில் அவள் பெயரும் வரும் என்று அங்கிருந்து அழகேசன் என்பவர் எழுதியிருந்தார். கடிதத்தின் கடைசி வரியில்தான் முள் இருந்தது. மேடை அறிவிப்பில் பெயரெடுத்த சந்திரிகா என்ற பெண் கதையைச் சொல்வார் என்று போட்டிருந்தது.

புகைவீட்டில் வேலை பார்க்கிற அவள் கணவன் நல்லசாமி சந்தோஷத்தில் பக்கத்து வீட்டுக்கெல்லாம் சொல்லிவிட்டு வந்தான். வந்து பார்த்தால், இவள் கடிதத்தை மடியில் வைத்துக்கொண்டு கருமாதி வீட்டில் உட்கார்ந்த மாதிரி உட்கார்ந்திருக்கிறாள். அட்டையில் பேர் வருது, இன்னும் என்ன வேணும் என்று கேட்டான்.

"பேரு அட்டையில இருக்குங்க. பிள்ளைங்க அட்டையவா கேக்கப் போவுது?" என்றாள். "ஒருதடவ குடுத்துட்டு நின்னேன். இன்னொருதடவ நிக்க மாட்டேன்."

நல்லசாமிக்கு நாலாம் வகுப்புக் கதை தெரியும். சட்டையை மாட்டிக்கொண்டு பத்தாங் பெர்ஜுந்தாய் போய், சேதுவின் கடைத் தொலைபேசியிலிருந்து கோலாலம்பூருக்குப் பேசினான். அழகேசன் கெட்ட மனுஷர் இல்லை, அவசரக்காரர். அடுத்த சனிக்கிழமை காலை பத்து மணிக்குச் சந்திரிகாவுடன் சேதுவின் கடைக்கு வருகிறேன், அதற்குள் உங்கள் சம்சாரம் தன் குரலில் பதிந்து கொண்டுவந்தால் கேட்கிறேன் என்றார். பின்னால் கோழி கூவுவதோ குழாய்த் தண்ணீர் விழுவதோ கேட்கக் கூடாது. சரியில்லை என்றால் அன்றைக்கே சந்திரிகா கையெழுத்துப் போட்டுவிடுவார்.

லயத்து வரிசை வீடுகளில் போய் அமைதியைத் தேடுவதா? பத்து வீட்டுக்கும் ஒரே கூரை. இந்த வீட்டில் பிள்ளை தும்மினால் அந்தக் கோடி வீட்டில் 'நூறு' சொல்வார்கள். லீலாவதி வீட்டு டேப்ரெக்கார்டரில் முதல் நாள் பதிந்ததில் கனகசபைக்கு முன்னால் பக்கத்து வீட்டுச் சேவல் கதை சொன்னது. பாலர் பள்ளியில் முயன்றாள், தகரக் கூரையில் மழை பிடித்துக்கொண்டது. கோயில் மண்டபத்தில் ஒரு வார்த்தை சொன்னால் சுவர் மூன்று வார்த்தை சொன்னது. வெள்ளிக்கிழமை ஆகிவிட்டது, கேசட்டில் இருந்ததெல்லாம் சேவலும் மழையும் எதிரொலியும்தான்.

அப்போதுதான் நல்லசாமி புகைவீட்டைச் சொன்னான். ரப்பர் பாலை உறையவைத்து, ஷீட்டாக்கி, கழிகளில் வரிசையாகத் தொங்கவிட்டுப் புகைபோடுகிற செங்கல் கட்டடம். காய்ந்த ஷீட்டுகளை மறுநாள் இறக்க வேண்டும் என்பதால் அன்று அடுப்பை அணைத்திருந்தார்கள். உள்ளே போய் எத்தனை சத்தமாகக் கூப்பிட்டாலும் வெளியே ஆளுக்குக் கேட்காது என்பது அவன் பதினொரு வருஷ அனுபவம்.

அதற்குத் தோட்ட ஆபீஸில் தலைமைக் குமாஸ்தாவான பெரிய கிராணி துரைசிங்கத்தின் அனுமதி வேண்டும். யாழ்ப்பாணத்துக்காரர், சட்டதிட்டம் பார்க்கிறவர். லீலாவதி ஆபீஸ் வாசலில் நின்று, வழக்கப்படி வாயைத் திறக்காமல், ஒரு தாளில் எழுதி நீட்டினாள். அவர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு இரண்டுமுறை படித்தார். பிறகு, "ஷீட்டில கை படக் கூடாது பிள்ளை. கதை சொல்லுறதுக்கு நான் ஒண்டும் சொல்லமாட்டன்" என்றார்.

உள்ளே இடுப்புயரத்திலிருந்து கூரைவரை மாம்பழ நிறத்தில் ஷீட்டுகள் தொங்கின. சூடு இன்னும் ஆறவில்லை. லீலாவதி கையைத் தட்டிப் பார்த்தாள். தட்டிய சத்தம் எங்கும் போகாமல் அங்கேயே அடங்கிவிட்டது. ஒரு வரி சொல்லிப் பார்த்தாள். முப்பது வருஷத்தில் முதல்முறையாகத் தன் குரலை அவள் வேறு எந்தச் சத்தமும் கலக்காமல் கேட்டாள். அவ்வளவு மோசமாக இல்லையே என்று அவளுக்கே ஒரு சந்தேகம் வந்தது.

ஒரே ஒரு குறை. சேவலும் மழையும் சேர்ந்து டேப்பின் பேட்டரியைத் தின்று தீர்த்திருந்தன, புகைவீட்டில் பிளக் கிடையாது. நல்லசாமி தன் டார்ச்லைட்டிலிருந்த பேட்டரிகளைக் கழற்றினான். அவையும் பாதி உயிர்தான். சோர்ந்த பேட்டரியை வெயிலில் காயவைத்துத் தேற்றுவது தோட்டத்தில் எல்லாரும் செய்வதுதான். நல்லசாமி ஒருபடி மேலே போய், அடுப்பு வாயின் சூட்டுக்கல்மேல் கால் மணி நேரம் வைத்து எடுத்தான். போட்டதும் டேப் ஜம்மென்று சுற்றியது. பெரிய விஞ்ஞானி மாதிரி ஒரு சிரிப்புச் சிரித்துவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு வெளியே காவல் நின்றான்.

லீலாவதி ஷீட்டுகளுக்கு நடுவில் முக்காலி போட்டு உட்கார்ந்து, எதிரே பதினெட்டுப் பிள்ளைகள் இருப்பதாக நினைத்துக்கொண்டு சொன்னாள். தும்மல் வருகிற இடங்களில் நடிக்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை. மூக்கில் ஏறிய புகைநெடி நிஜமாகவே தும்மவைத்தது. சொல்லி முடித்து, கடைசிப் பகுதியை ஓட்டிக் கேட்டாள். கச்சிதமாக இருந்தது. அடுப்புச் சூடு தந்த தெம்பு இறங்கி, டேப் நடுவிலிருந்தே கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்ந்துபோனது அவளுக்கு எப்படித் தெரியும்? தளர்ந்து பதிந்ததைத் தளர்ந்தே ஓட்டினால் குறை காதில் விழாது. நல்ல கரண்டில் ஓட்டும்போதுதான் அது வண்டவாளத்தைத் தண்டவாளத்தில் ஏற்றும்.

சனிக்கிழமை சேதுவின் கடையில் நிற்க இடமில்லை. சுற்றுத் தோட்டத்துக் குடும்பங்கள் சாமான் வாங்க வருகிற நாள். அழகேசன் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் சந்திரிகா, வெள்ளைச் சேலையில், நல்ல முகம். லீலாவதியைப் பார்த்ததும் எழுந்து வணக்கம் சொன்னாள். அந்த வணக்கமே மணி அடித்த மாதிரி இருந்தது. லீலாவதி பதில் வணக்கத்தைக் கையாலேயே சொல்லிவிட்டுக் கேசட்டை நீட்டினாள்.

சேது பெரிய ஒலிபெருக்கியில் போட்டார். கரகரவென்று குரல் கிளம்பியதும் கடையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அழகேசனின் புருவம் ஒருமுறை ஏறி இறங்கியது. அந்தப் புருவத்தை லீலாவதி நாலாம் வகுப்பிலேயே பார்த்திருக்கிறாள். அவர் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்துச் சந்திரிகாவின் பக்கம் வைத்தார்.

கனகசபை முதல் தும்மல் தும்மியது. லோரி காரானது. இரண்டாவதில் கார் சைக்கிளானபோது, லீலாவதி திடுக்கிட்டு நிமிர்ந்தாள். ஒலிபெருக்கியில் பேசிக்கொண்டிருப்பது அவள் குரல் இல்லை. இல்லை, அவள்தான், ஆனால் குரல் மெலிந்து, உயர்ந்து, அவசரப்பட்டது. அடுத்த தும்மலில் அது சிறுமியின் குரலாகிவிட்டது. அதற்கடுத்ததில் சுண்டெலி. கடை முழுக்கச் சிரித்தது. சோர்ந்த பேட்டரியில் மெதுவாகச் சுற்றிப் பதிந்தது இங்கே வேகமாகச் சுற்றுகிறது என்று புரிந்து நல்லசாமி தலையில் கைவைத்தான்.

தன்னைப் பார்த்துத்தான் சிரிக்கிறார்கள் என்று லீலாவதி நினைத்தாள். இத்தனை வருஷம் சில்லறையை நீட்டித் தப்பித்ததெல்லாம் இந்த ஒரு சிரிப்பிலிருந்துதானே. நிறுத்துவதற்காக எட்டிக் கையை நீட்டினாள். கீழேயிருந்து ஒரு சின்னக் கை அவள் சேலையைப் பிடித்து இழுத்தது. ஐந்து வயது இருக்கும் ஒரு பெண்பிள்ளை, கண்ணை ஒலிபெருக்கியிலிருந்து எடுக்காமல், அடைக்காதீங்க என்று அதட்டியது. அப்போதுதான் அவள் சுற்றிப் பார்த்தாள். யாரும் அவளைப் பார்க்கவே இல்லை. பாய் வாங்க வந்தவர், முறுக்கு விற்கிறவர், எல்லாரும் வாயைப் பிளந்துகொண்டு தீப்பெட்டி அளவுக்குச் சுருங்கிவிட்ட ஒரு லோரியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். லோரி சுருங்கச் சுருங்கக் குரலும் சுருங்கியது அவர்களுக்குச் சரியாகவே பட்டது.

கட்டெறும்பு சீட்டில் ஏறிய இடத்தோடு குரல் வெறும் 'கீச்'சாகி, ஒரு சொல்லும் விளங்காமல் ஓடி முடிந்தது. இஞ்சிக் கஷாயம் யார் காதுக்கும் போய்ச் சேரவில்லை.

சேலையைப் பிடித்திருந்த பிள்ளை நிமிர்ந்து, "அப்புறம்? லோரி பெரிசாச்சா இல்லியா?" என்று கேட்டது.

யாரைக் கேட்டதோ தெரியாது. அழகேசன் கதையைத் தாளில் படித்தவர், சந்திரிகா படிக்கப் போகிறவள். சொல்லத் தெரிந்தவள் ஒருத்திதான். அவள் பொது இடத்தில் வாயைத் திறப்பதில்லை என்று வைத்திருப்பவள். லீலாவதி கஷாயத்தைச் சொல்லலாம் என்றுதான் வாயெடுத்தாள். ஆனால் வாய்க்கு வந்தது வேறு.

"ஒண்ணு சொல்ல மறந்துட்டேன்மா," என்றாள். தகரக் குரல் அந்தச் சின்னக் கடையில் நிறைந்தது. "கனகசபைக்கு ஒரு ஹார்ன் இருந்துச்சு. கரகரன்னு, கேக்கவே சகிக்காது. மத்த லோரியெல்லாம் கேலி பண்ணும். அதனால அது ஹார்ன் அடிச்சதே இல்ல. வழி வேணும்னா லைட்ட மினுக்கிட்டு ஓரமா நிக்கும்."

பிள்ளை தலையாட்டியது. முறுக்குக்காரர் கூடையை இறக்கி வைத்தார். சேது சத்தம் காட்டாமல் ஒரு புதுக் கேசட்டைச் செருகிப் பதிவுப் பொத்தானை அழுத்தியது அவள் கண்ணில் படவில்லை.

"இப்போ கட்டெறும்பு நடு ரோட்டுல போவுது. எதிரே ஒரு கோழி. தீப்பெட்டிய கொத்த வருது. தும்முனா இன்னும் சிறுத்துரும், கத்துனா யாருக்கும் கேக்காது. கட்டெறும்பு சொல்லுச்சு: ஐயா கனகசபை, உங்க ஒடம்பு சிறுத்துச்சு, டயரு சிறுத்துச்சு. ஹார்ன் சிறுத்துச்சான்னு பாத்தீங்களா? கனகசபைக்கு வெக்கம். ஆனா கோழி வாயத் தொறந்துருச்சு. கண்ண மூடிக்கிட்டு, பொறந்ததுலேருந்து அடிக்காத ஹார்ன அடிச்சுது."

அடித்தாள் லீலாவதி. மூச்சைப் பிடித்து, அடிவயிற்றிலிருந்து, நாலாம் வகுப்பிலிருந்து, ஒரு ஹார்ன். கண்ணாடி அலமாரியில் கேசட்டுகள் அதிர்ந்தன. வெளியே நின்ற கோலசிலாங்கூர் பஸ் டிரைவர், தன்னைத்தான் யாரோ வழி கேட்கிறார்கள் என்று நினைத்துப் பதிலுக்கு ஒரு ஹார்ன் அடித்தார். கடையே விழுந்து விழுந்து சிரித்தது. இந்தத் தடவை லீலாவதியும் சிரித்தாள்.

"ஹார்ன் சிறுக்கவே இல்ல," என்றாள் அவள், குரலைத் தாழ்த்தி. "அது அதே பெரிய ஹார்ன். அவ்ளோ பெரிய சத்தம் தீப்பெட்டிக்குள்ள எப்படி இருக்கும்? சத்தத்துக்கு ஏத்தாப்புல ஒடம்பு வளந்தாவணும். ஒரு ஹார்னுக்கு சைக்கிளு. ஒரு ஹார்னுக்கு காரு. இன்னொண்ணு அடிச்சுச்சு, பழைய லோரி. கோழி ஓடிப்போச்சு. கட்டெறும்பு மட்டும் சீட்ட விட்டு எறங்கல, இன்னிக்கும் அதுதான் டிரைவரு."

பிள்ளை பெருமூச்சு விட்டுச் சேலையை விட்டது. வேலை முடிந்துவிட்டது என்பதுபோல் அம்மாவிடம் போய்விட்டது.

முதலில் எழுந்தவள் சந்திரிகா. மேசையில் தன் பக்கம் இருந்த பேனாவை எடுத்து லீலாவதியிடம் நீட்டினாள்.

"எனக்கு நல்லாப் பேச வரும்க்கா," என்றாள். "அந்த ஹார்னுக்கு நான் எங்க போறது? நீங்களே போடுங்க கையெழுத்து."

அழகேசன் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். குரலை அப்படிக் கொஞ்சம் கொஞ்சமாகச் சிறுக்கவைக்க என்ன கருவி வைத்திருக்கிறீர்கள் என்று மரியாதையாக விசாரித்தார். லீலாவதி உண்மையைச் சொன்னாள். செத்த பேட்டரியை அடுப்புக் கல்லில் வறுத்ததுதான் கருவி என்றாள். அவர் நல்லசாமியைப் பார்த்தார். நல்லசாமி விஞ்ஞானிச் சிரிப்பை மறுபடி எடுத்து மாட்டிக்கொண்டான். முன்பாதியைப் புகைவீட்டில் பதிந்தபடியே போடுவது, முடிவைக் கடையில் சேது பதிந்தபடியே, பஸ் ஹார்னோடு போடுவது என்று அங்கேயே முடிவாயிற்று. சத்தமே கேட்கக் கூடாது என்றவர் அந்தப் பஸ்ஸை மட்டும் எடுத்துவிடாதீர்கள் என்று சேதுவிடம் இரண்டுமுறை சொல்லிவிட்டுப் போனார்.

தீபாவளிக்கு மூன்று வாரம் இருக்கும்போது கேசட் வந்தது. அட்டையில் 'கதையும் குரலும்: லீலாவதி நல்லசாமி' என்று போட்டிருந்தது. பெரிய கிராணி இரண்டு வாங்கி, ஒன்றை ஆபீஸ் மேசையிலேயே வைத்துக்கொண்டார். சுங்கை பெசார் வரைக்கும் கேசட் போய்விட்டது என்று சேது சொன்னபோது, கடைக்காரர் பேச்சு என்று அவள் பாதிதான் நம்பினாள்.

தீபாவளிக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை புதுத்துணி வாங்க அவளும் நல்லசாமியும் கோலசிலாங்கூர் பஸ்ஸில் ஏறினார்கள். பின்வரிசையில் ஏழெட்டுப் பிள்ளைகள், எந்தத் தோட்டமோ. டிரைவருக்குப் பின்னால் இருந்த டேப்பில் பாட்டு நின்று, ஒரு கரகரப்பு ஆரம்பித்தது. பிள்ளைகள் அதனோடு சேர்ந்து தும்மின. அத்தனை தும்மலும் சரியான இடத்தில். மனப்பாடமாகவே வைத்திருந்தன.

கண்டக்டர் வந்து நின்றார். லீலாவதியின் கையில் சில்லறை தயாராக இருந்தது. நல்லசாமி வழக்கம்போல ஊர்ப் பெயரைச் சொல்ல வாயெடுத்தான். அவள் அவன் முழங்கையைத் தொட்டு நிறுத்திவிட்டு, கடைசி வரிசை வரைக்கும் கேட்கிற மாதிரி, "கோலசிலாங்கூர், ரெண்டு பேரு" என்றாள்.

பின்னால் தும்மல் பட்டென்று நின்றது. ஏழெட்டுத் தலைகளும் ஒன்றாகத் திரும்பின. எந்தப் பார்வைக்குப் பயந்து இத்தனை வருஷம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாளோ, அதே மாதிரித்தான் பஸ் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. "டேய், லோரிடா" என்று ஒரு பையன் அடிக்குரலில் சொன்னான்.

லீலாவதி இருக்கையில் முழுசாகத் திரும்பி அவர்களைப் பார்த்து உட்கார்ந்தாள். மூச்சைப் பிடித்து ஒரு ஹார்ன் அடித்தாள்.